மரியாதை தெரியாத கலர்ப் பொட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஏற்காடு கடைவீதி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தவர்கள்: அதன் முதலாளி அருளப்பன் சார், டைப்ரைட்டிங் டீச்சர் மரகதம், மஞ்சக்குட்டை ஊர்க்கவுண்டர், என் அப்பா, ஏற்காடு சந்தைக்கு வந்திருந்த நூறு நூற்றைம்பது பேர், கையில் மைக்கோடு நான். வராதவர் என் அம்மா மட்டும். மகன் கம்ப்யூட்டர் திறப்பு விழா நடத்திவிட்டுப் பசியோடு வருவான் என்று தலைச்சோலையில் வீட்டோடு இருந்து கோழிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வராததுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். போன மாதம் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு விளையாட்டை ஆடிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் யாரோ இரண்டு பேர் வீட்டு அறையில் உட்கார்ந்து செய்ததாம். படமெல்லாம் புள்ளி புள்ளியாக, கோலப்பொடி கொட்டியது மாதிரி இருந்தது. “கோடி கோடியாக் கொட்டி எடுத்த கேம் வெச்சிருக்கேன், அதுல மலையே இடிஞ்சு விழுந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகல. இதுல ஒரு கிழவி பஸ்ஸைத் தவற விட்டதுக்கு அழுகை வருதே, ஏம்ப்பா?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, மானம் போய்த் தெரிந்துகொண்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மாரிமுத்துவுக்குத் தலைச்சோலை காப்பி எஸ்டேட்டில் செடியைக் கழித்துவிடும் கவாத்து வேலை. நான் சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தேன். கூடவே கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் வாங்கினேன். (டிப்ளமோவால் வந்த கெடுதல் கொஞ்சம்தான். எல்லாம் அந்த டம்ளரால் வந்தது.) அருளப்பன் சார் தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியபோது என்னை வாத்தியாராகச் சேர்த்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை எங்கள் வம்சத்தில் அதுதான் முதல். அப்பா எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டார்: “என்ற பையன் ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல பாக்கறானுங்க.” (ஏற்காட்டில் ஃபேன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.)

ஆனால் மூன்று மாதத்தில் சேர்ந்தது நாலே பேர். ஒருநாள் அருளப்பன் சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

“தம்பி, ஞாயித்துக்கெழம சந்தக் கூட்டத்துல ஒரு விழா வெப்பம். அன்னிக்கு இருவது பேரு சேந்தா கம்ப்யூட்டர் இருக்கும், நீயும் இருப்பே. சேரலீன்னா ரெண்டயும் அனுப்பிச்சுருவன். வருத்தப்படாதே.”

பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சில் சேலத்திலிருந்து ஒரு கலர்ப் பொட்டி வந்தது. கூடவே ஸ்பீக்கர், சி.டி. தட்டுப் போடும் டிரைவ், இலவசமாக ஒரு விளையாட்டுத் தட்டு. வெளிநாட்டுச் சரக்கு. நாம் ஒரு வேடம் கட்டிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். கோட்டை, மழை, மின்னல், நெருப்புக் கக்கும் பறவைப் பாம்பு, நாற்பது தினுசு வாள். முதல்முறை பார்த்தபோது எனக்கே வாயில் ஈ போனது தெரியவில்லை.

இன்னொரு பொட்டியும் இருந்தது. பழைய கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதில் மரகதம் டீச்சர் ஓய்வு நேரத்தில் ஒரு விளையாட்டு செய்து வைத்திருந்தார். அவர் காலேஜ் பக்கம் போகாதவர். நான் பையன்களுக்கு ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழி நடத்தும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டே கற்றுக்கொண்டவர். தமிழ் எழுத்து அந்தப் பொட்டிக்கு வராது. அதனால் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்து வைத்திருந்தார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. சனிக்கிழமை என்னிடம் கேட்டார்:

“ஏனுங்க தம்பி, நாளைக்கு இதையும் ஒரு ஓரமா ஓட உடலாமுங்களா?”

“டீச்சர், படமே இல்லாத ஆட்டத்தை எவனுங்க பாப்பான்? இது ஆட்டமில்லீங்க, லெட்டர்” என்றேன்.

“லெட்டர்னா பதில் போடுவாங்கல்ல தம்பி” என்றார் அவர்.

நான் சிரித்தேன். அந்தப் பொட்டியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து, அதன்மேல் டைப்ரைட்டர் உறையையும் போர்த்தினேன். (நானேதான். யாரும் சொல்லவில்லை.)

விழாவுக்கு மஞ்சக்குட்டை ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டிருந்தோம். மலைக்காரர்களின் ஊர்த்தலைவர் அவர்; அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேராவது சேர்வார்கள் என்பது அருளப்பன் சார் கணக்கு. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தோட்டத்திலிருந்து ஒரு கூடை கமலா ஆரஞ்சோடு வந்தார். மாலை போட்டோம். கலர்ப் பொட்டியின் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். வாசல் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அது பேசினால் சந்தையின் கடைசி வெங்காயக் கடை வரைக்கும் கேட்கும்.

ஆட்டம் முழுக்க இங்கிலீஷ். ஆகவே நான் பக்கத்தில் நின்று மைக்கில் தமிழாக்கம் செய்வதாக ஏற்பாடு. ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். சும்மா தமிழா? டம்ளர் வாங்கிய தமிழ்.

திரையில் இடி இடித்தது. கோட்டைக் கதவு திறந்தது. கூட்டம் ‘அடேங்கப்பா’ என்றது. கவுண்டர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுப்பு அங்கி போட்ட ராஜா ஒருவன் கையை நீட்டி இங்கிலீஷில் உறுமினான். நான் அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்:

“யாரடா நீ, பெயரற்ற அற்பனே!”

குழாய் ஸ்பீக்கர் அதை அப்படியே சந்தைக்குக் கொண்டுபோனது. வெளியே பேரம் நின்றது.

கவுண்டர் என்னைப் பார்த்தார். “என்னையவாங்க கேக்குது?” என்றார் மெதுவாக.

“ஆமாங்க. ஆட்டத்துக்குள்ள நீங்கதானுங்க அந்த ஆளு” என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னேன். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். புத்தியுள்ள எவனும் நிறுத்தியிருப்பான்.

அடுத்த திரை வந்தது. மனிதன், குள்ளன், காட்டுப் பூதம் என்று மூன்று உருவங்கள். எந்த இனத்தில் பிறந்தவனாக ஆடப் போகிறாய் என்று கேட்டது. ‘ரேஸ்’ என்ற அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு என்ன தமிழ் என்று ராத்திரி அகராதியில் தேடி, எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு சொல்லைத் தேர்ந்து வைத்திருந்தேன். கணீரென்று சொன்னேன்:

“சொல்! உன் சாதியைத் தேர்ந்தெடு!”

சந்தை நாளில், ஏற்காடு கடைவீதியில், ஊர்ப் பெரியவரைப் பார்த்து, குழாய் ஸ்பீக்கரில்.

எங்கேயோ ஒரு ஆடு கத்தியது. அருளப்பன் சார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரியாகப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். கவுண்டர் திரையில் இருந்த மூன்று உருவங்களையும் நிதானமாகப் பார்த்தார்.

“மனுசன்னு போடு” என்றார்.

போட்டேன். கறுப்பு ராஜா திருப்தியாகத் தலையை ஆட்டி அடுத்த வசனத்தை விட்டான். என் வாய்க்குப் பழக்கமாகியிருந்தது. மூளையைக் கேட்காமலே அது மொழிபெயர்த்துவிட்டது:

“அடிமையே, மண்டியிடு!”

கவுண்டர் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே நடந்தார். மஞ்சக்குட்டைக்காரர்கள் வரிசையாகப் பின்னால் போனார்கள். சேருவதற்கு வாங்கியிருந்த ஃபாரத்தை ஒருவர் மடித்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். ஆரஞ்சுக் கூடையை மட்டும் எடுக்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

“முடிஞ்சுதுரா” என்றார் அருளப்பன் சார். அவர் சொன்னது விழாவையா, என் வேலையையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அப்பா வந்தார். நாற்காலி காலியாகக் கிடப்பது அவருக்குத் தாங்கவில்லை. மாலையைப் பத்திரமாக மேசைக்கு மாற்றிவிட்டு, நுனியில் உட்கார்ந்து, “நா ஆடறன் சாமி. நீ சொல்லு. ஆடுனா எல்லாரும் வருவாங்க” என்றார். தலையில் உருமால் கட்டியிருந்தார். விழாவுக்கென்று துவைத்தது.

இனி எழுதப் போவது எனக்குப் பிடிக்காத பகுதி.

நான் மைக்கைக் கீழே வைத்திருக்கலாம். ‘வேண்டாமுங்கப்பா’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளே கோபம். எவ்வளவு பெரிய ஆட்டம், இந்த ஜனங்களுக்கு ரசிக்கத் தெரியவில்லையே என்ற கோபம். இன்னும் சத்தமாக, இன்னும் உருக்கமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி ஒரு வரி விடாமல் சொன்னேன். அற்பனே சொன்னேன். சாதியைக் கேட்டேன். அப்பாவும் மனுஷன் என்றுதான் சொன்னார். பிறகு முழுத் தொண்டையில்:

“அடிமையே, மண்டியிடு!”

அப்பா எழுந்தார். தலையிலிருந்த உருமாலை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். எஸ்டேட் ஆபீசிலிருந்து யாராவது சத்தம் போட்டுக் கூப்பிட்டால் அவர் கை தானாகச் செய்கிற வேலை அது. நாற்காலியை நகர்த்தி, சிமென்ட் தரையில் ஒரு முட்டியை ஊன்றி, கலர்ப் பொட்டியைப் பார்த்து, “இப்பிடிங்களா?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “செரியா சாமி?” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. ஆட்டத்தில் தப்புச் செய்தால் மகன் வேலை போய்விடும் என்று பயந்தார், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மரகதம் டீச்சர் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கவில்லை, குழந்தை கையிலிருந்து அரிவாளை வாங்குவது மாதிரி வாங்கினார். “ஏனுங்கய்யா, எந்திரிங்க. அந்தப் பொட்டிக்கு மரியாத தெரியாதுங்க. இங்க வாங்க, இது நம்மூருப் பொட்டி” என்று அப்பாவைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் அழைத்துப் போனார். டைப்ரைட்டர் உறையை எடுத்தார். பச்சை எழுத்து ஓடியது. அதை அவர் மைக்கிலேயே படித்தார்:

“வாங்க. உக்காருங்க. உங்க பேரு என்னங்க?”

அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். “மாரிமுத்துங்க.”

டீச்சர் தட்டினார். “மாரிமுத்துங்க, இன்னிக்கு நீங்கதானுங்க எஸ்டேட் ரைட்டரு. காலைல ஆறரை மணிங்க. மழ ஊத்துதுங்க. அம்பது ஆளு வேலைக்கு வந்து நனஞ்சுட்டு நிக்கறாங்க. என்ன பண்றீங்க?”

முப்பது வருஷமாக அந்த ஐம்பது பேரில் நனைந்துகொண்டு நின்றவர் அப்பா. வந்த ஆளுக்குப் பெயர் போடுவதும் திருப்பி அனுப்புவதும் ரைட்டர் வேலை; பெயர் போட்டால்தான் அன்றைக்குக் கூலி. அந்த ரைட்டர் என்ன செய்ய வேண்டும் என்று அதுவரைக்கும் அவரை யாரும் கேட்டதில்லை.

“திருப்பி அனுப்புனா அன்னிக்குப் பேரு போடுவாங்களா, அதக் கேளும்மா” என்றார்.

டீச்சர் அதை அடித்தார். அந்தப் பொட்டிக்குத் தெரியாத எதை அடித்தாலும் ஒரே பதில் வருகிற மாதிரிதான் அவர் எழுதி வைத்திருந்தார். அது வந்தது:

“அப்பிடீங்களா? அப்பறமுங்க?”

“அட, அசல் எங்க ரைட்டராட்டவே பேசுதுங்க!” என்றார் அப்பா.

அவ்வளவுதான். கூட்டத்திலிருந்த எஸ்டேட் ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் குழாய் ஸ்பீக்கர் வழியாகச் சந்தைக்குப் போனது. வெங்காயத்தை நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசோடு வந்தான்.

“எல்லாரையும் ஸ்டோருக்குள்ள நிக்க வெய்யுங்க. மழ உட்டதும் போவட்டும். பேரு முழுசாப் போடுங்க” என்று தீர்ப்புச் சொன்னார் அப்பா. டீச்சர் அடித்துவிட்டு, திரையில் வந்ததைப் படித்தார்:

“ஆளுங்களுக்கெல்லாம் நொம்ப சந்தோசமுங்க. ஆனா எஸ்டேட் தொர வந்துட்டாருங்க. வேலையே நடக்காம எதுக்கு முழுப் பேரு போட்டீங்கன்னு கேக்கறாருங்க. என்ன சொல்றீங்க?”

கூட்டம் ஆளுக்கொன்று கத்தியது. “மழையக் கேக்கச் சொல்லு!” “வேலைக்குச் சங்கு ஊதுனவனக் கேக்கச் சொல்லு!” “மாரிமுத்து, நாக்காலிய உட்டு எந்திரிச்சராதே!”

அப்பா கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. (என் பேச்சுப் போட்டி டம்ளர் சத்தியமாக, எனக்கு ஒருநாளும் அப்படிக் கூட்டம் அடங்கியதில்லை.)

“நா நனஞ்சிருக்கறனுங்க, நீங்க நனஞ்சதில்லீங்க. அதச் சொல்லும்மா.”

டீச்சர் அடித்தார்.

“அப்பிடீங்களா? அப்பறமுங்க?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா மட்டும், “தொரையும் இதத்தான் சொல்லுவாரு” என்றார்.

என் மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கலர்ப் பொட்டியில் மழை பெய்தது, ஒவ்வொரு துளியும் பளபளத்தது, எவனும் நனையவில்லை. பானைக்குப் பக்கத்துப் பொட்டியில் மழை என்ற சொல் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேருக்கும் சட்டை ஈரமானது. கோடி போட்டு எடுத்த ஆட்டம் ஊர் உலகத்துக்கெல்லாம் பிடிக்க வேண்டும் என்று பயந்து பயந்து செய்தது. அதனால் பாம்பைக் கொல்லச் சொல்கிறது. பாம்பைக் கொல்வதில் யாருக்கும் தகராறு இல்லை. மரகதம் டீச்சருக்கு யாரிடமும் பயமில்லை. யாருக்குப் பேர் போடுவது என்று கேட்டார். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒரு ஆளுக்கு வலிக்கும். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பும் கிடையாது. முடிவில் ‘நாளைக்கும் வாங்க’ என்று மட்டும் வரும்.

சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “டீச்சரம்மாதானுங்களே சொல்லித் தருவாங்க? அந்தக் கத்தற தம்பி இல்லீங்களே?”

அருளப்பன் சார் நியாயஸ்தர். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் பிரிவை மரகதம் டீச்சருக்குக் கொடுத்தார். கலர்ப் பொட்டியை சேலத்துக்குத் திருப்பி அனுப்பினார். என்னை டைப்ரைட்டிங் பிரிவில் உட்கார வைத்தார். டிப்ளமோ வாங்கிய நான் இரண்டு வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரல் வைக்கும் இடம் சொல்லிக் கொடுத்தேன். அன்று ராத்திரி அம்மா வைத்த கோழிக்குழம்பை நானும் அப்பாவும் தலை நிமிராமல் சாப்பிட்டோம். “உப்புப் பத்தலையா?” என்று அம்மா நாலு தடவை கேட்டாள்.

நாலாம் நாள் மஞ்சக்குட்டையிலிருந்து ஆள் வந்தது. கவுண்டர் கூப்பிடுகிறார், அப்பனும் மகனும் வரவேண்டும். தெண்டம் போடப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஊரில் தப்புச் செய்தவன் நாலு பேர் முன்னால் கட்டுகிற அபராதம் அது. தேங்காய், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு இருவரும் ஜீப் ஏறினோம்.

கோவில் முன்னால் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். நான் விழுந்து கும்பிட்டேன். “தப்புதானுங்க. பெரியவங்கள மரியாத இல்லாமப் பேசிப்போட்டனுங்க” என்றேன்.

“என்னையப் பேசுனதுக்குத் தெண்டமில்ல கண்ணு” என்றார் அவர். “எனக்குக் கோவம் வந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டன். அதோட செரியாப் போச்சு. எதுத்தாப்ல டீக்கடைல நின்னு மிச்சத்தயும் பாத்துட்டுத்தான் இருந்தன். உங்கொப்பன முட்டி போட வெச்சயே, அவராலே எந்திரிச்சு வர முடியாதல்லோ? அதுக்குத்தான் தெண்டம். அம்பத்தியொரு ரூவா. எனக்கு வேண்டாம், கோவிலுக்கும் வேண்டாம். உங்கொப்பன் கைல குடு.”

என் சட்டைப் பையில் எட்டணா இருந்தது. சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாக இருமினார். என்னைக் கோவில் சுவருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, ஐம்பத்தோரு ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். “சீக்கிரம் குடு சாமி, எல்லாரும் பாக்கறாங்க” என்றார்.

முன்னால் வந்து, வெற்றிலையில் வைத்து, அவர் பணத்தை அவர் கையிலேயே கொடுத்து, அவர் காலில் விழுந்தேன். வாங்கி மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டார். கவுண்டர் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எழுந்து வரும்போது, “அந்த டீச்சரம்மா பொட்டிய ஒரு நா இங்க கொண்டாரச் சொல்லு. ரைட்டரா ஒருக்கா உக்காந்து பாக்கோணும்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ‘நீ’ என்ற சொல் வாயில் வருவதில்லை. மனைவிக்கு ‘ங்க’, பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு ‘ங்க’. ஒருமுறை சமையலறைக்குள் நுழைந்த தெருநாயைப் பார்த்து, “ஏனுங்க, வெளிய போங்க” என்றேன். நாய் போகவில்லை. வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள் அது தோசையைச் சாப்பிட்டுவிட்டது.

விருந்தாளி யார் வந்தாலும் என் மகள் இந்தக் கதையை முழுக்க நடித்துக் காட்டுவாள். மைக்குக்குக் கரண்டி. முட்டி போடும் இடம் வந்தால் மட்டும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். கடைசியில் அவள் தாத்தா பக்கம் திரும்பி, “தெண்டத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சுங்க தாத்தா?” என்பாள். அப்பா அந்த ஐம்பத்தொன்றைச் செலவில் சேர்ப்பதே இல்லை. அது மகன் கொடுத்ததாம், வரவாம். தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு பேருக்குப் போகவர ஜீப் கூலி எல்லாவற்றையும் விரல்விட்டுக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் பிசகாமல் சொல்வார்:

“பதினேழு ரூவா அம்பது காசுங்க.”